எடைக்குப் போன விண்ணப்பங்கள்: ஒரு பள்ளியில் நடந்த தகவல் கசிவும் அதன் பிறகான பயிற்சியும்

பின்னணி

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி. எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை வகுப்புகள் உண்டு. பெற்றோரில் பலர் கடை வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் அரசு ஊழியர்கள், சுற்றுவட்டார விவசாயிகள். அலுவலகத்தில் ஒரு தலைமை எழுத்தர், இரண்டு உதவியாளர்கள். சேர்க்கை, கட்டணம், மாற்றுச் சான்றிதழ், எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு எல்லாம் இந்த மூன்று பேர் கையில்தான். பள்ளியையோ பெற்றோரையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே விட்டுவிட்டோம்.

2025 மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன்பு, வெள்ளையடிப்பதற்காக அலுவலக பீரோக்களைக் காலி செய்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சேர்க்கை விண்ணப்பங்கள், விடைத்தாள்களோடும் பழைய செய்தித்தாள்களோடும் சேர்த்து மூட்டை கட்டப்பட்டு, பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போயின. யாரும் தனியாக உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நடப்பதுதான்.

அந்த மூட்டைகளில் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளின் விண்ணப்பங்களும் இருந்தன. அந்தப் பள்ளியில் ஒருநாள்கூடப் படிக்காத குழந்தையின் புகைப்படமும், அப்பாவின் ஆதார் ஜெராக்ஸும், சாதிச் சான்றிதழும் இத்தனை ஆண்டுகள் அந்த பீரோவில் கிடந்திருக்கின்றன. ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

தெரியவந்த விதம்

ஜூன் மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய் பேருந்து நிலையம் அருகே தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கினார். மடித்துக் கொடுத்த காகிதம் அதே பள்ளியின் விண்ணப்பத்தில் ஒரு பக்கம். மூலையில் ஒட்டிய புகைப்படத்தில் இருந்தது அவருடைய தெருவிலேயே இருக்கும் ஒரு பையன். வண்டிக்காரரிடம் கேட்டபோது அந்தக் காகிதக் கட்டிலிருந்து இன்னும் சில தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் ஆதார் ஜெராக்ஸ் பின் அடித்தபடியே இருந்தது.

கோபத்தில் அந்தத் தாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நம்ம பிள்ளைங்க டீடெயில்ஸ் எங்க கிடக்குது பாருங்க" என்று ஒரு வரி. அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் படங்களில் ஆதார் எண்கள் பன்னிரண்டு இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. இரவுக்குள் அவை வேறு வகுப்புக் குழுக்களுக்கும் உறவினர் குழுக்களுக்கும் போய்விட்டன. தள்ளுவண்டிக் காகிதத்தைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் சிலர். போட்டோவைப் பார்த்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

மறுநாள் காலை தாளாளர் எங்களைக் கூப்பிட்டார். நிறுவனங்களுக்கும் பொதுமக்களுக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றிப் பயிற்சி கொடுக்கும் சிறு குழு நாங்கள். பள்ளியின் முதல் எண்ணம், பெற்றோரைக் கூட்டி ஒரு விழிப்புணர்வுச் சொற்பொழிவு வைத்துவிடலாம் என்பது. நாங்கள் சம்மதிக்கவில்லை. தகவலைக் கைவிட்டது அலுவலகம். பாடம் முதலில் பெற்றோருக்கு என்றால் அது முறையாகாது. தகவலைக் கேட்டு வாங்குகிறவர்கள் முதலில் உட்கார வேண்டும், கொடுக்கிறவர்கள் அப்புறம் வரலாம் என்ற நிபந்தனையோடுதான் வேலையை எடுத்துக்கொண்டோம்.

பள்ளியில் பார்த்தவை

எங்கள் பார்வை காகிதத்தோடு நிற்கவில்லை. ஒரு குழந்தையின் விவரம் பள்ளிக்குள் நுழையும் இடத்திலிருந்து வெளியே போகும் இடம் வரை பின்தொடர்ந்து பார்த்தோம்.

விண்ணப்பம் நான்கு பக்கம். குழந்தை, தாய், தந்தை மூவரின் ஆதார் ஜெராக்ஸ், குடும்ப ஆண்டு வருமானம், சொந்த வீடா வாடகையா, இருசக்கர வாகனமா கார் உண்டா, தாத்தா பாட்டி உடன் இருக்கிறார்களா என்றெல்லாம் கட்டங்கள். வருமானமும் வாகனமும் எதற்கு என்று தலைமை எழுத்தரிடம் கேட்டோம். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே ஃபார்ம்ல இருந்துச்சு சார். அப்படியே அடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். பொய் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை யார் எழுதினார்கள் என்று பள்ளியில் யாருக்குமே தெரியாது.

அடையாள அட்டை அடுத்தது. குழந்தையின் பெயர், வகுப்பு, அப்பா பெயர், வீட்டு முகவரி, அப்பாவின் செல்பேசி எண், ரத்த வகை. இவ்வளவும் கழுத்தில் தொங்கும் அட்டையின் முன்பக்கத்திலேயே. டவுன் பஸ்ஸில் எதிரே நிற்கிற யாரும் படித்துக்கொள்ளலாம். இந்த அட்டைகளை அச்சடிக்க ஆண்டுதோறும் மாணவர்கள் அனைவரின் விவரமும் ஒரே எக்செல் கோப்பாக, புகைப்படங்களோடு, கடைவீதியில் உள்ள ஒரு டிடிபி கடைக்கு ஜிமெயிலில் போகிறது. கடைக்காரரைப் பார்த்தோம். நல்ல மனிதர். பழைய ஆண்டுகளின் கோப்புகளையும் பத்திரமாக வைத்திருந்தார், அட்டை தொலைந்தால் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டுமே என்று. அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் இல்லை. கடையில் வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல் பெயரோடு வந்திருந்தது. வேன் ஓட்டுநர்கள் குழுவில், ஒரு மாணவிக்கு வலிப்பு வரும், இந்த மாத்திரை கொடுக்க வேண்டும் என்ற செய்தி இருந்தது. வகுப்பாசிரியர் அக்கறையில் போட்டது. வேலையை விட்டு நின்றுபோன பழைய ஓட்டுநர்கள் அதில் இன்னமும் இருந்தார்கள்.

பிளஸ் டூ பெற்றோரிடம் இன்னொரு குறை இருந்தது. தேர்வு முடிந்ததும் எங்கிருந்தோ பொறியியல் கல்லூரிகள், நர்சிங் கல்லூரிகள், ஏஜெண்டுகள் என்று விடாமல் அழைப்பு. பெயர், குரூப், அப்பா எண் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். பள்ளியிலிருந்துதான் போயிற்று என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு வெளி நிறுவனம் இலவசமாக உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடத்துகிறது. முடிவில் மாணவர்களிடம் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுகிறார்கள்: பெயர், செல்பேசி எண், எதிர்பார்க்கும் கட் ஆஃப். இலவசத்துக்கு விலை அந்தத் தாள்.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை மீட்பு. பழைய பேப்பர் கடையில் மிச்சமிருந்த மூட்டைகளைப் பள்ளி திரும்ப விலைக்கு வாங்கியது. பாதிக்கு மேல் ஏற்கெனவே கைமாறியிருந்தது. வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின்களாக இருந்த ஆசிரியர்கள், தங்கள் குழுவில் வந்த படங்களை எல்லோருக்கும் சேர்த்து நீக்கினார்கள். ஏற்கெனவே ஃபார்வர்டு ஆனவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. படம் போட்ட தாயைத் தனியே சந்தித்துப் பேசினோம். எண்ணை மறைத்துப் போட்டிருந்தால் புகாருக்கு அதே வலு இருந்திருக்கும் என்று சொன்னபோது ஏற்றுக்கொண்டார். அவர் மீது குறை சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் போகக்கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்விதான் கடினமானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பதா? தாளாளர் தயங்கினார். "சட்டமே இன்னும் அமலுக்கு வரலையே, நாமளா ஏன் போய்ச் சொல்லணும்?" என்றார். கேள்வியில் நியாயம் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியிருந்தாலும், அப்போது அதன் இறுதி விதிகள் வெளியாகவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றிய தகவலுக்கும்தான் பொருந்தும். காகிதத்திலேயே நின்றுவிட்ட விண்ணப்பம் அதற்குள் வராது. நம் ஊர் அலுவலகங்களில் பீரோவில் இருக்கும் காகிதம் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால் இது சிறிய ஓட்டை இல்லை.

ஆனால் சட்டம் அந்த ஒன்று மட்டும் இல்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக்கூடாது என்று 2016 ஆதார் சட்டமே சொல்கிறது. இதையெல்லாம் தாளாளரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் மனம் மாறியது இதனால் என்று தோன்றவில்லை. உதவித்தொகை மோசடி பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெற்றோருக்கு ஓர் அழைப்பு வரும். பிள்ளையின் பெயர், வகுப்பு, அப்பா பெயர் எல்லாம் சரியாக இருக்கும். உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். போட்டதும் பணம் உள்ளே வராது, வெளியே போகும். அந்த அழைப்புக்கு வேண்டிய எல்லா விவரமும் எடைக்குப் போன விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கு ஒரு பெற்றோர் பணத்தை இழந்தால், பள்ளிக்கு முன்பே தெரிந்தும் சொல்லவில்லை என்பது நிற்கும். அன்று மாலையே கடிதத்துக்குச் சம்மதித்தார்.

கடிதம் ஒரே பக்கம், எளிய தமிழில். என்ன நடந்தது, எந்தெந்த விவரம் வெளியே போயிருக்கலாம், பள்ளி என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்யலாம். கடைசிப் பகுதியில் மூன்றே விஷயம்: ஆதாரின் கைரேகைப் பதிவை எம்ஆதார் செயலியில் பூட்டி வைப்பது, பணம் பெறுவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதே இல்லை என்பதை நினைவில் வைப்பது, பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைப்பது. விரைவாகப் புகார் கொடுத்தால் பணம் மேற்கொண்டு நகராமல் நிறுத்த வாய்ப்பு உண்டு. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று முதல் வரைவில் இருந்த சொற்களை எடுக்கச் சொன்னோம். தவிர்த்திருக்க முடியும்.

படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. சேர்க்கை கிடைக்காதவர்களை எப்படிச் சென்றடைவது? அவர்களுடைய முகவரி இருந்த ஒரே இடம் அந்த விண்ணப்பம்தான். கடைசியில் பெயர்கள் எதுவும் இல்லாமல் பள்ளி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அதைப் பார்த்து விசாரிக்க வந்தவர்கள் மிகச் சிலர்.

பயிற்சி நடந்த விதம்

அலுவலக ஊழியர்கள் மூவரோடு தொடங்கினோம். படக்காட்சி எதுவும் இல்லை. பள்ளியின் நான்கு பக்க விண்ணப்பத்தையே ஆளுக்கு ஒன்று கொடுத்து, தங்கள் குடும்ப விவரத்தை நிரப்பி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னோம். உதவியாளர் ஒருவர் ஆண்டு வருமானக் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். "இத எதுக்கு சார் இவங்க கிட்ட காட்டணும்?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இது யாருக்குத் தேவை, எப்போது தேவை, எவ்வளவு காலம் தேவை என்று கேட்டு அடித்துக்கொண்டே வந்தார்கள். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. பதில் தெரியாத கட்டங்களுக்கு முதல்வரிடம் போனார்கள். அவருக்கும் தெரியாதது அழிக்கப்பட்டது.

ஆதார் விஷயத்தில் நீண்ட வாக்குவாதம். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உண்டு. ஆனால் எமிஸில் பதியும்போது எண்ணைக் கேட்கிறதே என்றார் எழுத்தர். எண் தேவைப்படும் இடத்தில் பெற்றோர் முன்னிலையில் அட்டையைப் பார்த்துப் பதிந்துவிட்டு, அட்டையை அங்கேயே திருப்பிக் கொடுப்பது, ஜெராக்ஸ் வாங்குவதில்லை, அடையாளத்துக்கு மட்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். இப்படி முடிவாயிற்று. சேர்க்கை கிடைக்காதவர்களின் விண்ணப்பத்தை அந்தப் பருவம் முடிந்ததும் வெட்டும் இயந்திரத்தில் போட்டு அழிப்பது, அதைப் பதிவேட்டில் எழுதி முதல்வர் கையெழுத்திடுவது என்றும் தீர்மானித்தார்கள்.

வேன் ஓட்டுநர்களோடு நடந்த அமர்வு எங்களுக்கு மிகவும் பிடித்தது. அந்தரங்கம், உரிமை என்று தொடங்கவே இல்லை. வலிப்புச் செய்தியைப் பற்றிக் கேட்டதும் ஓட்டுநர் ஒருவர், "அது எனக்குத் தெரிஞ்சே ஆகணும் சார். நடுவழியில ஆச்சுன்னா நான்தானே பாக்கணும்" என்றார். முற்றிலும் சரி. அவருக்குத் தெரிய வேண்டும், அந்த வேனின் உதவியாளருக்குத் தெரிய வேண்டும். மற்ற ஓட்டுநர்களுக்கு எதற்கு? வகுப்பாசிரியர் அந்த இருவரிடமும் நேரில் சொல்வது, மருந்து விவரம் எழுதிய அட்டையை வேனின் முதலுதவிப் பெட்டிக்குள் வைப்பது என்று ஓட்டுநர்களே வழி சொன்னார்கள். மாணவியின் தாயிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு அது நடைமுறைக்கு வந்தது.

ஆசிரியர்களிடம் எதிர்ப்பு இருந்தது. வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் முறையில் அனுப்பினால் பெற்றோர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, கட்டண பாக்கியைத் தனிச் செய்தியாகவே அனுப்ப வேண்டும் என்று சொன்னபோது, வேலை கூடுகிறது என்றார்கள். கூடத்தான் செய்கிறது. ஆசிரியரின் எண்ணைத் தன் செல்பேசியில் சேமித்து வைத்த பெற்றோருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்ற சிக்கலும் உண்டு.

பெற்றோர் கூட்டம் கடைசியாக, ஜூலையில் நடந்தது. வகுப்பாசிரியர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தன் மகளின் அடையாள அட்டையைக் கொடுத்தார். அதில் உள்ள விவரங்களை மட்டும் வைத்து, மேடையிலேயே எங்கள் குழுவினர் ஒருவர் அவரை உதவித்தொகை அதிகாரி மாதிரி அழைத்துப் பேசினார். அது முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, போன வருடம் இதே அழைப்பு தனக்கு வந்ததையும், பணம் போனதையும், வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாததையும் சொன்னார். அதன் பிறகு இன்னும் சிலர் பேசினார்கள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் இருக்கிறவரை இந்த மோசடிகள் வெளியே வரா. அந்த மனிதர் அன்று பேசியது எங்கள் பயிற்சியைவிடப் பெரிய உதவி.

பிறகு நடந்தது

புதிய அடையாள அட்டையின் முன்பக்கத்தில் பெயர், வகுப்பு, பள்ளியின் தொலைபேசி எண் மட்டும். ரத்த வகையும் பெற்றோர் எண்ணும் பின்பக்கத்துக்குப் போயின. வீட்டு முகவரி எடுக்கப்பட்டது. டிடிபி கடைக்காரர் பழைய கோப்புகளை எழுத்தர் முன்னிலையில் அழித்தார். கணினிக்குக் கடவுச்சொல் போட்டார். உயர்கல்வி முகாம் நிறுவனத்திடம் பெயர்ப் பட்டியல் தர முடியாது என்று பள்ளி சொன்னதும், அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வைத்து முகாமை நடத்திக்கொள்வது என்று பள்ளி முடிவு செய்தது.

எல்லாம் இப்படி அமைந்துவிடவில்லை. ஆசிரியர்களில் சிலர் சில வாரங்களில் பழைய குழு முறைக்கே திரும்பிவிட்டார்கள். கட்டண பாக்கிப் பட்டியல் மட்டும் மறுபடி வரவில்லை. முதலிடம் பெற்றவர்களின் படமும் மதிப்பெண்ணும் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரைக் கைவிட தாளாளர் சம்மதிக்கவே இல்லை. அடுத்த ஆண்டுச் சேர்க்கையே அதை நம்பித்தான் என்றார். மாணவரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியே போடுவது என்ற அளவில் நின்றது. நகரின் முக்கில் அந்த ஆண்டு வைத்திருந்த பேனரில் இருந்தவர்களிடம் கேட்டபோது இரண்டு மாணவிகள் வேண்டாம் என்றார்கள். இருவர் படமும் பேனரிலிருந்து நீக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது.

2025 நவம்பரில் சட்டத்தின் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் குழந்தைகள், அவர்கள் தகவலைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. கல்விச் செயல்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான கண்காணிப்பில் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு, "அப்ப நமக்கு ஒண்ணும் இல்லையே" என்றார் பக்கத்துப் பள்ளி நிர்வாகி ஒருவர். அந்த விலக்கு ஃப்ளெக்ஸ் பேனருக்கோ, வெளி நிறுவனத்துக்குப் பட்டியல் கொடுப்பதற்கோ பொருந்தாது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் என்ற பிரிவிலிருந்தும் அது யாரையும் காப்பாற்றாது.

அடுத்த பள்ளியில் மாற்ற இருப்பவை

விண்ணப்பம் அச்சுக்குப் போவதற்கு முன்பே, நவம்பர் வாக்கில், வேலை தொடங்க வேண்டும். இந்தப் பள்ளியில் அந்த ஆண்டுக்கான படிவம் ஏற்கெனவே விநியோகமாகி முடிந்திருந்தது. அதனால் மாற்றத்தின் பலன் ஓராண்டு தள்ளிப் போயிற்று.

ஆசிரியர்களுக்கு முன்பே வேன் ஓட்டுநர்கள், அலுவலக உதவியாளர்கள், டிடிபி கடைக்காரர் ஆகியோரை ஒன்றாக உட்கார வைக்க இருக்கிறோம். தினமும் தகவலைத் தொடுகிறவர்கள் அவர்கள். நடைமுறைக்கு ஒத்துவருகிற வழியும் அவர்களிடமிருந்தே வருகிறது. டிடிபி கடையோடு வாய்ப்பேச்சு போதாது. அச்சடித்து முடித்த எத்தனை நாளில் கோப்பு அழிய வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கச் சொல்வோம்.

ஒரு வேலை இன்னும் முடியவில்லை. கட்டணம் செலுத்த பள்ளி ஒரு செயலியைப் பயன்படுத்துகிறது. பள்ளியை விட்டுப் போன மாணவர்களின் விவரங்களை அதிலிருந்து நீக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதியபோது, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிப்புக்கு வருகிறது. நீக்கும் ஷரத்து இல்லாமல் கையெழுத்திடுவதில்லை என்று தாளாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்த ஷரத்தின் வரைவு இப்போது எழுத்தர் மேசையில் இருக்கிறது.